மச்சானின் ரெடிமேட் காரும் என்னுடைய சிவப்புக் காரும்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்குரியது. அப்படித்தான் யுத்தம் முடிந்த வருடத்தின் தொடக்கத்தில், என் ராத்தாவைக் கலியாணம் முடித்த மனிதர் அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு சூட்கேஸோடும் ஒரு மட்டைப் பெட்டியோடும் கல்முனையில் எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தார். ராத்தா என்றால் எனக்கு மூத்தவள். வீட்டில் நாங்கள் இரண்டு பெண் பிள்ளைகள் மட்டும்தான்.

புது மாப்பிள்ளை இருக்கிற வீட்டில் சத்தம் கூடாது. உம்மா சட்டி கழுவுவதைக்கூடக் களவு வேலை போலத்தான் செய்வார். வாப்பா தன் சொந்த வீட்டில் இருமுவதற்கு முற்றத்துக்குப் போவார். மச்சானோ எங்களைவிட மோசம். தாகமெடுத்தால் தண்ணீர் கேட்க மாட்டார், ராத்தா முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். நான் அவர் முன்னால் போவதில்லை. மச்சானோடு மச்சி, அதாவது பெண்சாதியின் தங்கச்சி, முகத்துக்கு முகம் இருந்து கதைப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. முதல் மூன்று மாதத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு இரண்டு ஸலாம்தான்.

மட்டைப் பெட்டிக்குள் இருந்தது ஒரு கேம் பெட்டி. கட்டாரில் வேலை செய்த காலத்தில் வாங்கினாராம். அதை ஹோலில் டீவிக்குப் பக்கத்தில் வைத்தார்கள், ஏனென்றால் ஒழுங்காக வேலை செய்கிற பிளக் அங்கேதான் இருந்தது. சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீட்டுத்திட்ட வீடு அது. அந்தச் சந்தில், எங்கள் ஒழுங்கையில், எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே நிறம், ஒரே யன்னல். குடிவந்த புதிதில் நான் இரண்டு தடவை அடுத்த வீட்டுக்குள் போயிருக்கிறேன். ஒருமுறை கறிச்சட்டி மூடியைத் திறந்த பிறகுதான் அது எங்கள் கறி இல்லை என்று தெரிந்தது.

மச்சான் காலையில் பஸாரில் இருக்கிற பாமசிக்கு, மருந்துக் கடைக்கு, வேலைக்குப் போய்விடுவார். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு றிசல்ட்டுக்காகக் காத்திருந்தேன். ராத்தா அறைக்குள் தையல் மெஷினோடு இருப்பாள். பஸாரில் வாங்கிய ரெடிமேட் அபாயாக்களை ஊர்ப் பெண்களின் அளவுக்குப் பிடித்துத் தைப்பது அவளுடைய தொழில். ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் அந்தக் கேம் பெட்டியைப் போட்டேன். கார் ஓட்டப் பந்தயம். அன்று உம்மா என்னை மூன்று தரம் சோற்றுக்குக் கூப்பிட்டார்.

அந்த விளையாட்டில் கார் சேர்க்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஒரு பழைய காரை எடுத்து, சின்னப் போட்டிகளில் வென்று, சாமான் ஒவ்வொன்றாகப் போட்டு, நாமே அதை ஒரு பந்தயக் கார் ஆக்குவது. மற்றது, எல்லாம் செய்து முடித்து கண்ணாடிக்குள் நிற்கிற காரை அப்படியே வாங்குவது. மச்சான் வாங்கி வைத்திருந்தது ஒரு வெள்ளைக் கார். பின்னால் கருவாடு காயப்போடலாம் போல அகலமான ஒரு செட்டை, இறக்கை மாதிரி. நான் எடுத்தது ஒரு சின்னச் சிவப்புக் கார். எங்கள் ஊரில் வாடகைக்கு ஓடுகிற பழங்கார்களின் தங்கச்சி போல இருந்தது. அச்சில் வார்த்த வீட்டில் குடியிருந்து குடியிருந்து எனக்கு ரெடிமேட் என்றாலே எரிச்சல்.

கியர் எனக்குப் புதிதில்லை. வாப்பாவிடம் ஒரு லேண்ட் மாஸ்டர் இருந்தது. மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களில் கையால் பிடித்து உழுகிற அந்த இரண்டு சில்லு உழவு மெஷினை அவர் கழற்றும்போதெல்லாம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள் நான். அதே எஞ்சின் சேற்றுக்குள் இறங்கும்போது ஒரு கியர், தார் ரோட்டில் ஏறும்போது ஒரு கியர் என்பது தெரியும். திரையில் இங்கிலீசில் வந்த மற்றச் சொற்கள்தான் விளங்கவில்லை. அகராதி எடுத்துப் பார்த்தால் 'டோ' என்பதற்குக் கால்விரல் என்று போட்டிருந்தது. காருக்கு எங்கே கால்விரல்? அகராதியைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு கொப்பி எடுத்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மூன்று சுற்று ஓடுவது, நேரத்தை எழுதுவது. ஸ்பிரிங்கை இறுக்கினால் கார் வளைவில் துள்ளும், தளர்த்தினால் சனம் ஏற்றிய பஸ் மாதிரிச் சாயும். ஒரு நாள் அவசரத்தில் டயர், பிரேக், ஸ்பிரிங் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டேன். கார் பறந்தது. ஏன் பறந்தது என்று கண்டுபிடிக்க நான்கு நாள் போனது.

நான் ஓடியது எல்லாம் மலைப் பாதை ஒன்றில்தான். விளையாட்டில் வேறு பாதைகளும் இருந்தன. அதில் ஒன்று கடலோரம். முதல் நாள் அந்தப் படம் டீவியில் விரிந்தபோது உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "அத மாத்து புள்ள" என்றார். மாற்றினேன். பிறகு யாரும் அதைத் தொடவில்லை. தடை என்று ஒருவரும் சொன்னதில்லை. ராத்தாவின் கலியாணத்துக்கென்று வாப்பா கடற்கரைப் பக்கம் கட்டிய வீட்டில் பூச்சு வேலை மட்டும்தான் மிச்சமிருந்தது. கடல் அத்திவாரத்தை விட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோனது. நாங்கள் ஐந்து வருடமாகக் கடற்கரைக்குப் போகவில்லை, மீன்காரர்தான் வீட்டுக்கு வருவார். அதனால் என் சிவப்புக் கார் மலை வளைவுகளுக்கென்றே பிறந்தது போல ஆனது. குட்டைக் கியர், சட்டென்று பாயும். நேர் ரோட்டில் அது என்ன செய்யும் என்று நான் பார்த்ததே இல்லை.

ஒரு பின்னேரம் நான் கறி கிண்டிக்கொண்டிருக்க ராத்தா குசினிக்குள் வந்தாள். "மச்சான் கேக்காரு, மேல நிக்கிற அந்தச் சிவப்பு ஆருடயாம்?"

ஆகக் குறைந்த நேரத்தில் ஓடிய கார்களின் பட்டியலில் நான் அவரைத் தாண்டியிருந்தேன். மறுநாள் பார்த்தால் வெள்ளை மேலே. அதற்கடுத்த நாள் சிவப்பு. காலையில் நான், இரவில் மஹ்ரிப் தொழுகைக்குப் பிறகு அவர். நேருக்கு நேர் ஒரு வார்த்தை இல்லை, நிமிடமும் செக்கனும்தான் எங்கள் பேச்சு. அதற்கு மேல் சொல்ல இருந்தால் ராத்தாதான் தபால்.

"காசிருந்தா ஆரும் வாங்கலாம் எண்டு சொல்லுகா."

போய்விட்டு வந்தாள். "விசயம் தெரிஞ்சவன் செஞ்சு வெச்சத்த என்னத்துக்குப் பிரிச்சுக் கெடுக்கணும் எண்டு கேக்காரு."

"மருந்துக் கடையில இரிக்கிறவருக்கு எல்லாம் பக்கற்றுலதான் வரணும்."

"அத நான் சொல்ல மாட்டன்."

சொன்னாள்தான். அவருடைய ஒரு பக்க உதடு அசைந்தது என்று ஓடிவந்து எனக்கும் சொன்னாள்.

ஆனால் வியாழன் பின்னேரம் வந்தால் மச்சான் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விடுவார். சனிக்கிழமை காலையில்தான் வருவார். யுத்தம் முடிந்து ரோட்டில் மறித்துச் சோதிப்பது குறைந்த பிறகு அது இன்னும் லேசாகிவிட்டது. புதன்கிழமையே போகத் தொடங்கினார். கொஞ்ச நாள் அங்கே போய் இருப்போமா என்று ராத்தாவிடம் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை பெண் வீட்டை விட்டுப் போனால் எங்கள் ஒழுங்கையில் அது ஒரு மாதத்துக்குக் கதை. ராத்தா அடிக்கடி கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள்.

"அவருக்கு நம்மட ஊடு புடிக்கல்ல," என்றார் உம்மா.

வாப்பா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அறைக்குள் வயர் இழுத்து, டீவியையும் கேம் பெட்டியையும் உள்ளே கொடுத்துவிடுவது. மாப்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு தன் பாட்டில் இருக்கலாம். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எல்லாத்தயும் உள்ளுக்குக் குடுத்தா எனக்கு என்ன மிச்சம்?" என்று கத்தினேன், மாப்பிள்ளை வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான். உண்மையில் என் கோபம் டீவிக்காக இல்லை. கலியாணம் வரைக்கும் அந்த அறையில் ராத்தாவோடு படுத்தது நான். இப்போது அது வெளியே நின்று தட்ட வேண்டிய கதவு. ஒரு பாவப்பட்ட மனிதர் மேல் எனக்குப் பச்சைப் பொறாமை. அதனால் சவால் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஒரே ஒரு போட்டி. அவர் வென்றால் எல்லாம் அறைக்குள். நான் வென்றால் ஹோலில்.

ராத்தா பதில் கொண்டுவந்தாள். "ஓமாம். ஆனா எந்தப் பாதை எண்டு அவர்தான் சொல்லுவாராம்."

அந்த வெள்ளி அவர் அட்டாளைச்சேனைக்குப் போகவில்லை. சோறு முடிந்து எல்லோரும் ஹோலில் கூடினோம். பாயின் ஒரு தலைப்பில் நான், மற்றத் தலைப்பில் மச்சான், நடுவில் மதில் மாதிரி ராத்தா. பின்னால் உம்மா சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தார். வாப்பா பேப்பர் வாசிப்பதாகப் பாவனை செய்தார். திரை இரண்டாகப் பிரிந்தது. மச்சான் பாதைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போய் ஒன்றில் நிறுத்தினார்.

கடல்.

சுளகு நின்றது. பாவம், வெளியூர் மனிதர், தெரியாமல் செய்கிறார், ராத்தா இப்போது எழும்பிப் போவாள் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை. "ஓடு," என்றாள்.

முதல் வளைவிலேயே நான் முன்னால் போனேன். ஆனால் வெள்ளைக் கார் விலகவில்லை. வழக்கமாக வளைவில் பின்பக்கம் வழுக்குகிற கார் அது, அன்று ரோட்டைக் கடித்துக்கொண்டு வந்தது. பிறகு கடலை ஒட்டிய நேர்ப் பாதை. வலது பக்கம் முழுக்க நீலம். என் சிவப்பு கடைசிக் கியருக்குப் போய் அதற்கு மேல் கியர் இல்லாமல் கதறியது. வெள்ளை, செட்டையோடு, ஆறுதலாக என்னைத் தாண்டிப் போனது. மூன்று சுற்றும் அதே கதைதான். வளைவில் எட்டிப் பிடிப்பேன், கடல் வந்தால் விட்டுவிடுவேன். தோற்றேன்.

மச்சான் சந்தோசப்படவில்லை, ராத்தாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மடியில் வைத்திருந்த அவளுடைய இரண்டு பெருவிரலும் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

வழக்கம், முக்காடு எல்லாம் மறந்து நான் மச்சானை நேரே கேட்டேன். "ரெடிமேட் கார் இப்பிடி வளையாது. ஆரு கை வெச்ச?"

"நான் இல்ல மச்சி," என்று நாடியால் பக்கத்தில் இருந்தவளைக் காட்டினார்.

"உன்ட கொப்பியப் பாத்துத்தான்," என்றாள் ராத்தா. "விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பொறகு, நீ படுத்திரிக்கக்குள்ள, சத்தத்தக் குறைச்சிட்டு. முழுசாப் புதுசு செய்ய எனக்கு ஏலா. வாங்கினத்தப் புடிச்சுத் தைக்கிற மாதிரி, அங்க கொஞ்சம் இஞ்ச கொஞ்சம்."

"கடல்லயா ஓடின?"

"ஓம். மொதல் நாள் கடலப் பாக்காம ஓடி, கரையில முட்டிக்கிட்டே இருந்தன். இவர் பக்கத்துல இருந்தாரு. மறுகா பழகிட்டு."

வாப்பா பேப்பரைத் தலைகீழாக மடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதம் நான் மச்சானோடு மல்லுக்கட்டுகிறேன் என்று நினைத்திருக்க, கடைசியில் என்னைத் தோற்கடித்தது என் சொந்த ராத்தா.

வாப்பா அன்று பின்னேரமே வயர் இழுத்தார். அடுத்த வியாழக்கிழமை மச்சான் வேலை முடிந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மோட்டார்சைக்கிள் முற்றத்தில் நின்றது. நானும் உம்மாவும் குசினியில் இருந்து அது எப்போது கிளம்பும் என்று காது கொடுத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று உள்ளே மச்சான் கத்துகிற சத்தம். உம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "யா அல்லாஹ், சண்டையாகா?"

"கியரக் கூட்டாதிங்க எண்டு சொன்னன்தானே!" என்று கத்தியது மச்சான். அதற்கு மேலால் ராத்தா சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். வீட்டுத்திட்ட வீட்டுச் சுவர் மெல்லிசு, எல்லாம் தெளிவாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவு ஒரு விரக்கடை திறந்தது.

"மாமி, ஒரு பிளேன்டி கிடைக்குமா?"

எங்கள் வீட்டில் அவர் வாய் திறந்து கேட்ட முதல் சாமான் அந்தத் தேத்தண்ணி. உம்மா அடுப்புக்கு ஓடிய ஓட்டத்துக்கு எந்தக் காரும் கிட்ட வராது. சீனி போடப் போய் உப்புப் போத்தலை எடுத்தார், நான் பறித்துச் சீனியைக் கொடுத்தேன். வாப்பா ஹோலில் இருந்தபடியே, முற்றத்துக்குப் போகாமல், நன்றாக இருமினார்.

சனிக்கிழமை காலை மச்சான் பாமசிக்குப் போனதும் நான் அறைக் கதவைத் தட்டினேன்.

"தட்டாம வாகா," என்றாள் ராத்தா. கட்டிலில் பழைய என் பக்கத்தைக் காலியாக விட்டு, கேம் பெட்டியைப் போட்டு வைத்திருந்தாள். நான் கொப்பியில் ஒரு புதுப் பக்கத்தை எடுத்து மேலே 'கடல்' என்று எழுதிவிட்டு, முதலில் கடைசிக் கியரை மாற்றினேன்.