எலும்பைத் தின்னும் செல்களும் அம்மாவின் பிளேன்டீயும்

மழையில் வழுக்கி விழுந்து அம்மா மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு மெலிந்து கிடக்கிறது, அடுத்து இடுப்பு உடைந்தால் படுக்கைதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அதற்கு வாரத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். காலையில் வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் எதையும் தொடாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். டொக்டர் சிங்களத்தில் சொன்னதற்கெல்லாம் "ஹரி மாத்தயா, ஹரி" என்று சரி சொல்லித் தலையாட்டியவள் வீட்டில் என்ன செய்திருக்கிறாள்? தோட்டத்து லயத்தில் கண் விழித்ததும் குடிக்கும் பாலில்லாத பிளேன்டீயோடுதான் அதையும் உள்ளே தள்ளியிருக்கிறாள். மாதக்கணக்காக! ஒரு நாள் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் கோப்பையுமாக என்னிடம் பிடிபட்டாள்.

"ஐயோ, தேத்தண்ணியோட போனா மருந்து ஒடம்புல சேராதும்மா!"

"ஏன்டி கத்துற? காலமெல்லாம் கொழுந்து பறிச்சவ, விடிஞ்சதும் பிளேன்டீ இல்லாம சும்மா குந்தியிருக்கவா? போடி."

நான் விஞ்ஞான டீச்சர். வாய் சும்மா இருக்குமா? எலும்பைத் தின்னும் செல்களின் கதையை அவிழ்த்துவிட்டேன். எலும்புக்குள் இருக்கும் மச்சையில் பிறந்து இரத்தத்தோடு திரியும் சின்னச் செல்கள் அவை. எலும்பைக் கட்டும் செல்கள்தான் அவற்றைக் கூப்பிடும். வந்தவை பல ஒன்றாகச் சேர்ந்து, பல கருக்களுள்ள ஒரே பெரிய செல்லாகிவிடும். அது அட்டை மாதிரி எலும்பில் ஒட்டி, சுற்றிவர இறுக்கி மூடி, அடியில் அமிலம் விட்டுக் கரைக்கும். பழையது கரைந்த இடத்தில்தான் கட்டும் செல்கள் புதியதைக் கட்டும்.

"தேயிலையக் கவ்வாத்து வெட்டுனாத்தான் புதுத் துளிர் வரும்ங்கிற மாதிரியா?"

"அதேதான். ஆனா தீட்டு நின்ன பொறகு, வெட்டுறவன அடக்கி வைக்கிற ஓமோன் கொறஞ்சுரும். கட்டுறவனால ஈடு குடுக்க முடியாது. இந்த மாத்திரைதான் வெட்டுறவன அடக்கும்."

"அப்ப கெழவிக்குத்தான் இந்தத் தொல்லையா?"

"வெட்டுறவனுங்க எப்பவும் இருப்பானுங்க. புள்ளைக்குப் பால் குடுக்கிறப்ப கூடுவானுங்க. எலும்புல இருக்கிற கல்சியத்த எடுத்துப் பாலுக்குக் குடுப்பானுங்க. புள்ள பால் மறந்த பொறகு திரும்ப ஏறிரும்."

அம்மாவுக்குச் சிரிப்புப் பொங்கியது. "அடிப்பாவி! அப்ப நீ குடிச்சது என் எலும்பையா?"

"கொஞ்சம்," என்றேன்.

சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கட்டு அவிழ்த்தும் நேராகாத மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள்.

"அன்னைக்கு ஒனக்காகக் கரைச்சானுங்க, சரி. இப்ப யாருக்குடி கரைக்கிறானுங்க?"

அம்மா பிளேன்டீயை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"நீயே குடி. எனக்குத் தண்ணி கொண்டா."