மறுமுனைக்குக் காத்திருந்த நிரல்

மேற்படிப்புக்காக நானும் அவளும் சேர்ந்து எழுதிய நிரலுக்கு வேலை ஒன்றுதான். தொலைபேசிக் கம்பி வழியே தூரத்துக் கணினியிடம் "இருக்கிறாயா?" என்று கேட்கும். "இருக்கிறேன்" என்று பதில் வரும். இணையத்தில் பல கணினிகள் ஒரு வேலையைப் பகிர்ந்து செய்யும்போது, எது நின்றுபோனது என்று மற்றவை அறிய வேண்டும் அல்லவா? குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் திரையில் ‘இறந்தது’ என்று விழும்.

ஒரு கணினி பல்கலைக்கழகத்தில், எங்கள் ஆய்வறையில். மற்றது காத்தான்குடியில், அவளுடைய மாமாவின் புடவைக்கடை மேல்மாடியில். அவளுக்கு அதுதான் ஊர். நான் தேற்றாத்தீவு. கிழமை நாட்களில் வாவிக்கரையோரம் பெண்கள் விடுதியில் ஒரே அறையில் தங்கியிருந்தோம்.

புத்தகங்கள் சொன்ன காத்திருப்பு நேரம் எங்கள் கம்பிக்கு ஒத்துவரவில்லை. தூறல் விழுந்தாலே இரையும். மின்சாரம் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். காத்தான்குடிக் கணினி ஒரே நாளில் பலமுறை இறந்து பலமுறை உயிர்த்தது. ஊருக்குப் போய்த் திரும்பியதும் அவள் பையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்பாள்:

"நான் எத்தின தரம் மௌத்தாகியிருக்கன்? பாத்துச் சொல்லுகா."

சிரித்துக்கொண்டே சொல்வேன்.

அந்த மாரியில் தாயாருக்குக் காய்ச்சல் என்று அவள் ஊருக்குப் போனாள். மறுநாள் தெற்கே வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியது. கனமான எதையோ யாரோ தூரத்தில் இழுத்துப் போவதுபோல இருந்தது. அவள் ஊருக்கும் என் ஊருக்கும் போகும் பாதை மூடப்பட்டது. தொலைபேசியும் செத்துப்போனது. மாணவர்கள் ஊர்களுக்குப் போய்விட, வளாகம் முழுக்க மழைநீரும் அதில் மிதக்கும் வானமும்தான். ஜெனரேட்டர் ஓடும் காலைப்பொழுதுகளில் ஆய்வறைக்குப் போவேன். திரையில் அந்தச் சொல் நிற்கும். முன்பு சிரித்துக்கொண்டு வாசித்த சொல். பார்க்க முடியாமல் கண்ணை எடுத்து, ஜன்னல் வழியே நீர் நிரம்பிய வயல்வட்டையைப் பார்ப்பேன். வயல் எது, வாவி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாகக் கிடக்கும்.

ஒரு காலை அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ‘பதில் இல்லை’ என்று மாற்றினேன். ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர் அதைக் கண்டார்.

"ஏன் பிள்ளை மாத்தினீங்க?"

"இறந்ததெண்டு எங்களுக்குத் தெரியாதே சேர்."

"அதுக்காகக் காத்துக்கொண்டே இருக்கேலாது. ஆசுபத்திரியில ஒரு மெசின் நிண்டா மற்றது உடனே வேலைய எடுக்கவேணும். நிரல் ஒரு முடிவு சொல்லத்தான் வேணும்."

அவர் சொன்னது சரிதான். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அதுவரை சேர்ந்திருந்த பதில்களையெல்லாம் எடுத்தேன்: மழையில் எவ்வளவு தாமதம், மின்சாரம் போனால் எவ்வளவு, விடியலில் எப்படி, மத்தியானத்தில் எப்படி. அவற்றைக் கொடுத்து, எங்கள் கம்பியின் பழக்கத்தை நிரலே படிக்கும்படி செய்தேன். அதன்பின் நிரல் ‘இறந்தது’, ‘இருக்கிறது’ என்று சொல்வதை விட்டுவிட்டது. மறுமுனை நின்றுபோயிருக்குமோ என்ற சந்தேகம் எவ்வளவு என்பதை ஓர் எண்ணாக மட்டும் காட்டியது. அந்த எண் மெல்ல மெல்ல ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, விழித்திருக்கிறேனா உறங்குகிறேனா என்று தெரியாமல் நாட்களைக் கழித்தேன்.

மழை விட்ட ஒரு முற்பகலில் எண் சட்டென்று இறங்கியது. "இருக்கிறேன்" என்று திரையில் வந்தது. எழும்பி நின்றுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: கம்பியும் மின்சாரமும் வந்தால் கணினி தானாகவே பதில் சொல்லும். அது அவள் இல்லை. எங்கள் பேச்சுக்கென்று நிரலில் ஒரு சிறு பெட்டி வைத்திருந்தோம். அதில் ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டினேன்: "நீ இருக்கிறியா?"

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

"ஓம், இருக்கன். உம்மாக்குக் காய்ச்சல் விட்டிட்டு. நீ சாப்பிட்டியா?"

பாதை திறந்ததும் வந்து சேர்ந்தாள். மெலிந்திருந்தாள். முதலில் கணினி முன்னால் உட்கார்ந்து நான் மாற்றியதை வாசித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. அப்ப முடிவ ஆர் எடுக்கிற?"

"தெரியாது. அதிலதான் நிக்கிறன்."

யோசித்தாள். "வேலையே எடுக்கட்டும்கா. ஆசுபத்திரி வேலையெண்டா கொஞ்சச் சந்தேகம் வந்தாலே மாத்தட்டும். கடிதம் அனுப்புற வேலையெண்டா ஆறுதலா நிக்கட்டும். எல்லாத்துக்கும் ஒரே பொறுமை எதுக்கு?"

எங்கள் ஆய்வின் மையம் அதுவாகவே ஆனது. பேராசிரியர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத எழுதுங்க" என்றார். வெளிநாட்டுப் பரீட்சகர் ஒருவர், இவ்வளவு கெட்ட இணைப்பை எந்தக் கருவியால் உண்டாக்கினீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார். "உண்டாக்கேல்ல, எங்கட ஊர் லைன் அது" என்று அவளே பதில் போட்டாள்.

திருத்திய ஆய்வேட்டைக் கையளித்த நாளில் வீட்டுக்குப் போக மனமில்லை. பஸ்ஸில் குருக்கள்மடம் வரை வந்து, படகுத்துறையில் சோதனைச்சாவடியைக் கடந்து, வாவியைக் கடக்கும் தட்டைப் படகில் ஏறினோம். அக்கரையில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. சைக்கிள்காரர்களுக்கும் நெல்மூட்டைகளுக்கும் நடுவில் நாங்கள். நீரில் வெயில் கரைந்துகொண்டிருந்தது. பாதித் தூரத்தில் அவள் என் தோளில் சாய்ந்து உறங்கிப்போனாள். படகு கரை தட்டியபோதும் நான் எழுப்பவில்லை. திரும்பிப் போகவேண்டியவர்கள்தானே என்று படகுக்காரரும் எங்களை அப்படியே விட்டுவிட்டார்.