புரூனோவுக்கு ஒரு பட்டை

பரிதி கனடா போவதற்கு முந்தின வாரம் அந்த நாயைக் காரிலிருந்து பூதலூர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கிய லாப்ரடார் அது. பெயர் புரூனோ.

"ஆறே மாசம்தாம்மா. அங்க ஒரு வீடு பாத்ததும் கூட்டிக்கிறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் கல்லணைக் கால்வாயில் இரண்டு முறை தண்ணீர் திறந்து, இரண்டு முறை மூடியும் விட்டார்கள். நாய் அங்கேயேதான் இருந்தது.

அம்சம் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் சமைக்கிறவள். கல்யாணமான புதிதில் ஊரார் வயலில் நடவு நட்டவள். மகனைப் படிக்கவைத்து அந்தத் தெருவின் முதல் இன்ஜினியர் ஆக்கியவள். பள்ளிக்கூடத்தில் அண்டா தூக்கி இறக்கி வீடு திரும்பினால் வீட்டு வேலை காத்திருக்கும். இத்தனைக்கும் முன்னால், விடிந்ததும் புரூனோவைக் கால்வாய்க்கரைக்குக் கூட்டிப் போக வேண்டும். கூட்டிப் போவதாக அவள்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். உண்மையில் அது அவளை இழுத்துக்கொண்டு போகும். ஆடு, சைக்கிள், காற்றில் பறக்கும் பை, எதைக் கண்டாலும் பாய்ச்சல்தான்.

ஒருநாள் வயலிலிருந்து கொக்குக் கூட்டம் எழும்பியது. புரூனோ தாவிய வேகத்தில் அம்சம் கரைச் சரிவில் உருண்டு காட்டாமணக்குப் புதரில் போய் விழுந்தாள். வலது தோள்பட்டை வீங்கிவிட்டது. மறுநாள் சாதம் வடிக்கக் கை எழவில்லை.

அவள் புருஷன் முருகையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தன மாட்ட மூக்கணாங்கயிறு போட்டு அடக்கியிருக்கேன், இது என்ன பிரமாதம்?" என்று சந்தையில் ஓர் இரும்புச் சங்கிலி வாங்கிவந்து மாட்டினான். நாய் இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி அது. புரூனோ அப்போதும் இழுத்தது. இழுத்து இழுத்து இருமியது. இரண்டாம் நாள் தட்டில் வைத்த சோற்றை முகர்ந்துவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டது.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா அதன் தொண்டையைத் தடவிப் பார்த்தார். "உள்ள புண்ணாயிருக்கு. இனிமே கழுத்துல எதையும் மாட்டி இழுக்காதீங்க. நெஞ்சோட சேத்துப் போடுற பெல்ட் கிடைக்கும், அத வாங்குங்க. அது இழுத்தா நீங்க நின்னுடுங்க. கயிறு தளர்ந்தப்புறம் நடங்க" என்றார்.

இதைப் பரிதியிடம் போனில் சொன்னபோது, "ரிமோட் பெல்ட்னு ஒண்ணு இருக்கும்மா. பட்டன அமுக்குனா லேசா ஷாக் அடிக்கும். ஒரே வாரத்துல சரியாயிடும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அம்சம் ரயிலேறித் தஞ்சாவூர் போனாள். நாயின் நெஞ்சைச் சுற்றி அளந்த சணல் கயிறு பைக்குள் இருந்தது. கீழவாசல் பக்கம் மீன்தொட்டி, கிளிக்கூண்டு, நாய்ச் சாமானெல்லாம் விற்கும் மீரா உசேனின் கடை. அவர் நாய்ப் பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்றில் உட்புறம் வரிசையாகக் கம்பிப் பற்கள் இருந்தன. இன்னொன்று பரிதி சொன்ன ரிமோட் பெல்ட்.

"அத என் கையில வச்சு அமுக்குங்க பாய்" என்றாள் அம்சம்.

"வேணாம்மா, சுருக்குன்னு இருக்கும்."

"அதுக்குத்தான் கேக்குறேன்."

அவர் தயங்கியபடி அழுத்தினார். அம்சம் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் மணிக்கட்டைத் தேய்த்தபடி நின்றாள்.

"கொக்கப் பாத்து ஓடறப்ப இது சுருக்குன்னா, எதுனால வலிக்குதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

மீரா உசேன் ரிமோட்டைக் கீழே வைத்தார். "தெரியாதும்மா. கொக்கு கடிச்சிடுச்சுன்னுகூட நினைக்கும்" என்றார்.

பிறகு மேல் தட்டில் தேடி, தூசி தட்டி, நெஞ்சுப்பட்டை ஒன்றை எடுத்தார். கயிறு மாட்டும் வளையம் முன்னால் நெஞ்சில் இருந்தது. நாய் இழுத்தால் அதன் உடம்பே பக்கவாட்டில் திரும்பிவிடுமாம். "ஆனா உடனே அடங்காதும்மா. நாளாவும், பொறுமை வேணும்" என்றார்.

பொறுமைக்கு எங்கே போவது என்று அம்சத்துக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பினாள்.

புரூனோ இழுக்கும், அவள் நிற்பாள். அது திரும்பிப் பார்க்கும், கயிறு தளரும், நடப்பாள். நாலடியில் மறுபடி இழுக்கும். மதகுவரை போய்வருவதற்குள் வெயில் ஏறிவிடும், அடுப்பு பற்றவைக்க நேரமாகிவிடும். "அம்சக்கா நாய்க்குப் பள்ளிக்கூடம் நடத்துது" என்று தெருவில் சிரித்தார்கள். சில நாள் கரையிலேயே உட்கார்ந்து அழலாம்போல அவளுக்கு இருந்தது.

குறுவை அறுப்பு முடிந்த சமயம், ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே போனது. புரூனோ முறுக்கேறி நின்றது. பிறகு தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தது. கயிறு தொய்ந்து தரையில் உரசியது. மந்தை போய் வெகுநேரம் ஆகியும் அம்சம் நகரவில்லை.

அந்த வாரம் பரிதி போன் செய்தான். அங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்துவிட்டதாம். வாடகை வீட்டில் நாயை விடமாட்டார்களாம். "யாராச்சும் நல்லவங்களாப் பாத்துக் குடுத்துடும்மா. உனக்கும் சிரமம்தானே."

"நீ ஒருதடவ குடுத்ததே போதும்பா" என்றாள் அம்சம். குரலில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது. "அது இங்கயே கெடக்கட்டும். நீ சாப்டியா?"

பரிதி "ம்" என்றான்.

கேட்டுக்கொண்டிருந்த முருகையன் ஆணியில் தொங்கிய நெஞ்சுப்பட்டையை எடுத்துப் புரட்டினான். "இத எப்படி மாட்டணும்? காலையில நான் போறேன், நீ தூங்கு."

"இழுத்தா நின்னுடுங்க. திட்டாதீங்க."

மறுநாள் அம்சம் கண்விழித்தபோது ஜன்னலில் வெயில் அடித்தது. முருகையன் முழங்கால்வரை சேறாக வாசலில் நின்றான். பக்கத்தில் புரூனோ வாலாட்டியது.

"இழுத்துச்சா?" என்றாள்.

"அது இழுக்கல. சேறாக் கெடந்த வரப்புல நான்தான் வழுக்கிட்டேன்" என்றான் அவன்.

அவள் வெந்நீர் வைக்க எழுந்து போனாள்.