உயிரோடிருந்த இருபத்தொரு பேருக்கு எட்டு

1. வாசலில் மாலை

ஆட்குறைப்பு நடந்த மறுநாள் காலை எங்கள் இறால் கொம்பனி வாசலில் இருபத்தொரு பேரின் படங்கள் மாலையோடு தொங்கின. இருபத்தொரு பேரும் உயிரோடு இருந்தார்கள். முந்தின நாள் பின்னேரம்தான் அவர்களை வேலையால் நிற்பாட்டியிருந்தார்கள்.

நான் அங்கே இறால் உரிக்கிற பகுதிக்கு சுப்பர்வைசர். கொம்பனி மட்டக்களப்பு வாவிக் கரையில். நான் குருக்கள்மடத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். வெளிநாட்டு ஓடர் குறைந்துவிட்டது என்று கொழும்பு ஹெட் ஒஃபீஸ் சொன்னது. மைக்கில் பெயர் கூப்பிட்டு ஆளை அனுப்பினார்கள். அதில் என் மச்சாள் பாக்கியமும் ஒருத்தி. என் புருசனின் தங்கச்சி, பக்கத்து வளவில்தான் வீடு. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் பெயரைக் கூப்பிட்டபோது நான் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கையுறையைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

சரி, மாலைக்கு வருகிறேன். ஹெட் ஒஃபீஸ் அனுப்பிய படத்தில் ஒரு நன்றிச் சுவர் இருந்ததாம். போனவர்களின் படங்களை வாசலில் மாட்டினால் இருப்பவர்களின் மனம் தேறும் என்று அதில் போட்டிருந்ததாம். எங்கள் மனேஜர் கொழும்பில் வளர்ந்த பொடியன், தங்கமான பிள்ளை. ட்ரைவர் அண்ணனிடம் படங்களைக் கொடுத்து, ஃபிரேம் போட்டு, கொஞ்சம் பூவும் வெளிச்சமும் வைத்து மாட்டச் சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். ஃபிரேம், பூ, வெளிச்சம் என்று சொன்னால் மட்டக்களப்பில் எந்த மனிசனுக்கு என்ன விளங்கும்? அண்ணன் சந்தன நிறத்தில் பிளாஸ்டிக் மாலையும் மினுங்கி மினுங்கி எரிகிற சிவப்பு பல்பும் வாங்கிவந்து முறைப்படி செய்துவிட்டார்.

கேற்றில் நின்ற செக்கியூரிட்டி ஐயா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். உரிக்கிற பெண்களில் ஒருத்தி பகிடிக்கு ஒப்பாரி எடுத்தாள். எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம். நடுவில் யாரோ உண்மையாகவே அழத் தொடங்கினார்கள். பிறகு எல்லோரும் அழுதோம்.

2. அடுப்பு

பத்து மணிக்குத் தேத்தண்ணி வரவில்லை. போய்ப் பார்த்தால் கன்ரீன் அக்கா கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். செத்த வீட்டில் யாராவது அடுப்பு மூட்டுவார்களா என்று என்னையே கேட்டார். பகிடியா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, அயலவர்கள்தான் சமைத்துக் கொடுப்பார்கள். எங்கள் கொம்பனிக்கு அயல் என்று இருந்தது ஒரு ஐஸ் பக்டரியும் வாவியும்தான். கடைசியில் மனேஜரே காத்தான்குடி பேக்கரிக்கு ஆள் அனுப்பிப் பணிஸ் வாங்கித் தந்தார். மாலையைக் கழற்றச் சொன்னால் ட்ரைவர் அண்ணன் பயந்தார். போட்ட மாலையை இடையில் கழற்றினால் தோசமாம்.

இதற்கிடையில் ஹெட் ஒஃபீஸ் இன்னொரு வேலை வைத்தது. தினமும் காலையில் எங்கள் சிரித்த முகத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நாங்கள் தலைக்கு வலை, வாய்க்கு மாஸ்க் போட்டுத்தான் மேசையில் நிற்போம். மனேஜர் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் சிரியுங்கள் என்று கெஞ்சினார். பாவம் என்று முயன்று பார்த்தோம். படத்தில் எல்லோருக்கும் கண்ணில் மிளகாய்த்தூள் பட்ட கோலம். முன்னேற்றம் தெரிகிறது என்று ஹெட் ஒஃபீஸ் பதில் அனுப்பியது.

முன்னேற்றமாவது மண்ணாங்கட்டியாவது. ஒருத்தி தானாகவே வேலையை விட்டு நின்றாள், அடுத்த நாள் இன்னொருத்தி நின்றாள். இருக்கிறவர்களுக்கும் வெறும் மேசைகளைப் பார்க்கப் பார்க்க இறாலில் கை ஓடவில்லை. எனக்குக் கதிரவெளிப் பக்கம் ஒரு இறால் பண்ணையில் வேலைக்கு வரும்படி கேட்டிருந்தார்கள். அங்கேயே தங்க வேண்டும், வீட்டுக்கு மாதம் ஒருமுறைதான் வரலாம். மகள் ஓலெவல் சோதனைக்குப் படிக்கிறாள். புருசனுக்குக் கால் ஏலாது. என்றாலும் போய்விடுவது என்று முடிவெடுத்தேன். உள்ளதைச் சொன்னால், அது வேலை தேடிப் போவதல்ல, பாக்கியத்தின் கண்ணில் படாமல் ஓடுவது.

3. சந்தோச நாள்

யார் முதலில் சொன்னது என்று தெரியாது. செத்த வீடு என்று ஆகிவிட்டால் எட்டாம் நாள் எட்டு வைக்கத்தானே வேண்டும்? எட்டு என்றால் செத்தவர் ஆசைப்பட்டுத் தின்றதையெல்லாம் சமைத்துப் படைப்பது. மீன், இறைச்சி எல்லாம் வைக்கலாம். நான் மனேஜரிடம் போய், போனவர்களை நினைத்து ஒரு சாப்பாடு கொடுக்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே ஹெட் ஒஃபீசுக்கு அறிவித்து, ‘சந்தோச நாள்’ என்று பெனர் அடித்து மாலைகளுக்கு மேலேயே கட்டினார்.

கன்ரீன் அக்கா அன்றைக்குத்தான் அடுப்பு மூட்டினார். பாக்கியத்துக்குத் திரளி மீன் குழம்பு, இன்னொருத்திக்குக் கணவாய்ப் பிரட்டல், வயதுபோன ஒருவருக்குக் கட்டித் தயிர். இறால் மட்டும் இல்லை. நாள் முழுக்க இறால் உரிக்கிறவர்கள் ஒருவரும் இறாலை வாயில் வைக்க மாட்டோம்.

மத்தியானம் செத்தவர்கள் வந்தார்கள். நல்ல சீலை உடுத்து, தலையில் பூ வைத்து, நாங்கள் கூப்பிட்டு அனுப்பிய வாடகை வானில் வந்து இறங்கினார்கள். கதிரை எல்லாம் படங்களுக்குக் கீழேதான் போட்டிருந்தது, ஆளுக்காள் தன் படத்தைத் தேடி அதன் கீழேயே போய் இருந்தார்கள். தன் மாலை சின்னதாக இருக்கிறது என்று ஒருத்தி குறைப்பட்டாள். பாக்கியம் குழம்பைத் தொட்டு நக்கிவிட்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

“உப்புக் காணாது. நான் செத்தும் நீங்க சமைக்கப் பழகல்ல.”

மனேஜர் எழும்பிப் பேசினார். இவர்கள் என்றும் எங்கள் மனங்களில் வாழ்வார்கள், இவர்களுக்காக ஒருமுறை கைதட்டுவோம் என்றார். செத்தவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். அன்றைக்கு எடுத்து அனுப்பிய படத்தில் ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை, எல்லோருக்கும் வாய் நிறையச் சிரிப்பு. எல்லாக் கிளைகளிலும் எங்கள் கிளைதான் மனமகிழ்ச்சியில் முதலிடம் என்று ஹெட் ஒஃபீஸ் அன்று பின்னேரமே அறிவித்தது.

நான் பரிமாறிக்கொண்டே இருந்தேன். பாக்கியத்தின் வரிசைக்கு மட்டும் வேறு ஆளை அனுப்பினேன்.

4. முச்சந்தி

எட்டு முடிந்தால் எல்லாச் சாப்பாட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வாழையிலையில் எடுத்து முச்சந்தியில் வைக்க வேண்டும். வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அதுதான் போனவரை வழியனுப்புவது. சுப்பர்வைசர்தானே, நீங்களே கொண்டுபோங்கள் என்று இலையை என் கையில் தந்துவிட்டார்கள். கேற்றைத் தாண்டினால் பின்னால் செருப்புச் சத்தம். பாக்கியம் வருகிறாள்.

“கதிரவெளிக்குப் போறியாமே?”

ஓம் என்றேன். ஏன் என்று கேட்டாள். பொய் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், வரவில்லை.

“உன்ர முகத்தப் பாக்க ஏலாமக் கிடக்கு, மச்சாள்.”

“அதுக்குத்தானா ஒரு கிழமையா வயல் வட்டைக்குள்ளால சேறு மிரிச்சி பஸ்ஸுக்குப் போறாய்? எங்கட வாசலால போனா நான் என்ன கடிச்சா போடுவன்?”

நான் இலையை மற்றக் கைக்கு மாற்றினேன். அவள் ஒரு கையால் அதைத் தாங்கிப் பிடித்தாள்.

“என்னை வேலையால நிப்பாட்டினது கொம்பனி. நீ என்னத்துக்குகா என்னைச் சொந்தத்தால நிப்பாட்டுறாய்?”

நான் சந்தியில் நின்று அழுதேன். கல்முனை பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. செத்தவளும் வழியனுப்ப வந்தவளும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதை அந்தப் பஸ்காரர் முன்பின் கண்டிருக்க மாட்டார்.

போனவர்கள் போனதுதான், ஒருவரையும் திரும்ப எடுக்கவில்லை. பாக்கியம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தாள். முதல் இரண்டு வருசமும் நல்லாய்க் கஷ்டப்பட்டாள், அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அந்த எட்டுக்குப் பிறகு உரிக்கிற பகுதியிலிருந்து ஒருவரும் விலகவில்லை. நானும் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

முகாமைத்துவம், அதுதான் மனேஜர் வேலை, படிக்கிற பிள்ளைகள் வந்து என்னிடம் கேட்கிறார்கள், ஆட்குறைப்புக்குப் பிறகு மிஞ்சியவர்களை எப்படிப் பிடித்து வைப்பது என்று. போனவர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள் என்கிறேன். மிஞ்சியவர்களுக்கு இருந்து வேலை செய்ய அனுமதி கொடுக்கிறவர்கள் அவர்கள்தான், மனேஜர் அல்ல. பிள்ளைகள் அதை எழுதிக்கொள்வதில்லை, சிரிக்கிறார்கள்.

அன்று இலையை வைத்துவிட்டு, முறைப்படி திரும்பிப் பார்க்காமல் கேற்றை நோக்கி நடந்தேன். பாதித் தூரத்தில் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

“நாளைக்கு எங்கட வாசலால போ. தேத்தண்ணி ஊத்தி வைக்கன்.”