கோரினின் கட்டைவிரல்

கோரின் டெம்ஸ்கிக்கு நாற்பத்தேழு வயது. விஸ்கான்சினில் மார்லோ ஃபால்ஸ் உயர்நிலைப் பள்ளியில் இருபத்துநான்கு வருஷமாகப் பேண்டு டீச்சர். 2001 ஆகஸ்டு மாதத்தில் அவளுக்கு எதன்மீதும் பெரிய ஆசை இல்லை. சாயங்காலம் இரண்டு காலையும் ஒரு வாளி ஐஸ் தண்ணீரில் வைத்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் மைதானத்தை மட்டும் விட மனசில்லை. தொண்ணூற்றாறு பிள்ளைகள் வாத்தியத்தோடு அணிவகுத்து நடக்க, உயர்ந்த மேடையில் நின்று கையசைத்து நடத்துகிற இடம் அது. அதைத்தான் அந்த வாரம் அவளிடமிருந்து பிடுங்கப் பார்த்தார்கள்.

பிடுங்க வந்தவர்கள் டிரம் கோர் ஆட்கள். பேண்டு என்றால் பள்ளிக்கூடத்துச் சமாசாரம். கிளாரினெட், புல்லாங்குழல் எல்லாம் உண்டு. கோர் பள்ளிக்கு வெளியே நடப்பது. பித்தளையும் முரசும் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள், கோடை முழுக்கப் பஸ்ஸில் தூங்கி ஊர் ஊராகப் போட்டிக்குப் போவார்கள். ரெண்டுமே ஊதிக்கொண்டு நடக்கிற வேலைதான், ஆனால் அந்தக் காலத்தில் இரண்டு கூட்டத்துக்கும் ஏழாம் பொருத்தம். பேண்டுக்காரர்கள் அவர்களைக் 'காது கிழிக்கிற கூட்டம்' என்பார்கள். அவர்கள் இவர்களைப் 'பேண்டு பொம்மை' என்பார்கள். பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது. கோரில் நடந்த பையன்களே படித்துப் பேண்டு வாத்தியார்களாக வந்தார்கள். கோர் ஆள் இல்லாத பேண்டுக்குப் பரிசு கிடைக்காது என்று ஆகிப்போனது. இத்தனை வருஷம் ஏசினதற்கு யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பெற்றோர் சங்கம் அந்தக் கோடைக்கு பிரென்ட் லாஸ்கா என்ற இருபத்தாறு வயதுக்காரனைப் பிடித்துவந்தது. ஐந்து கோடை கோரில் நடந்தவன். மைதானத்தை அவனிடம் கொடுத்துவிட்டு, கோரின் டெம்ஸ்கி குளிர்காலக் கச்சேரியை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது சங்கத்தின் யோசனை. வெள்ளிக்கிழமை பெற்றோர்களுக்கு வாசித்துக் காட்டியதும் முடிவைச் சொல்வதாக ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், கோரினே கோர்காரிதான். பதினாறு வயதிலிருந்து ஐந்து கோடை, செயின்ட் ஹெட்விக் மாதா கோயில் நடத்திய பெண்கள் கோரில் பியூகிள் என்ற பித்தளைக் குழலை ஊதியிருக்கிறாள். அது அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எழுபத்தேழில் வேலைக்கு வந்தபோது, பெரிய வாத்தியார் ஹால்வர்சன் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார். "நீ அந்தக் கோர் கழுதைங்கள்ல ஒருத்தி இல்லையே?" வீட்டில் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. "இல்ல சார், நான் புல்லாங்குழல்" என்றாள்.

இப்போதாவது வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். சொன்னால் பிரென்ட் மறுபேச்சுப் பேசமாட்டான். ஆனால் சங்கத்தின் தலைவி மார்லா ஷ்வெங்கல். எழுபத்தொன்பதில் மார்லா இதே பள்ளிப் பேண்டின் தலைமை டிரம்பெட்காரி. கோடையில் ஒரு சின்னக் கோரில் சேர்ந்தாள் என்று தெரிந்ததும் ஹால்வர்சன் அவளைப் பேண்டிலிருந்து தூக்கினார். அதைச் சொல்லிவிட்டு வரும்படி அனுப்பியது கோரினைத்தான். கோரின் போய், "கோர்ல ஊதினா உதடு கெட்டுரும். உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்றாள். பேண்டு போனதோடு இசைக் கல்லூரி உதவித்தொகையும் போயிற்று. மார்லா இன்று ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் டைப் அடிக்கிறாள். இந்த லட்சணத்தில் கோரின் எந்த முகத்தோடு சொல்வாள்?

புதன்கிழமை மத்தியானம், கோடு கிழித்த கார் நிறுத்துமிடத்தில் தார் இளகிக்கொண்டிருந்தது. பிரென்ட் டிரம்பெட் பிள்ளைகளுக்குக் கோரில் ஊதுகிற மெதுவான பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தான். ஒரு பெண்ணுக்கு மூச்சு எட்டவில்லை.

"தோளைத் தூக்காதம்மா. வயித்துல வாங்கு" என்றாள் கோரின்.

பிரென்ட் சிரித்தான். "மிஸ் டெம்ஸ்கி, தப்பா நெனச்சுக்காதீங்க. இதெல்லாம் கோர்ல நடந்தவங்களுக்குத்தான் புரியும். சொல்லிக்குடுத்து வர்றதில்ல."

வெயிலா, அசதியா, அவன் சிரித்த சிரிப்பா, தெரியவில்லை. கோரினுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "குடு இங்க" என்று பக்கத்துப் பிள்ளையின் டிரம்பெட்டை வாங்கினாள். பித்தளை எதையும் அவள் வாயில் வைத்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. முதல் சுரம் கனமாக, நிறைவாக வந்தது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த சுரத்துக்குப் பொத்தானை அழுத்த வேண்டும். மூன்று விரலும் பொத்தான்மேல் சும்மா கிடந்தன. வலது கட்டைவிரல் மட்டும் குழாய்க்குப் பக்கத்தில் வெறும் காற்றை அழுத்தியது. சுரம் உடைந்தது.

"புல்லாங்குழல்காரங்க கையில டிரம்பெட்டைக் குடுத்தா இப்படித்தான்" என்றான் பிரென்ட். எல்லோரும் சிரித்தார்கள்.

அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் காலத்துப் பியூகிளில் மூன்று பொத்தான், எல்லாம் விரலுக்கு. கோரின் காலத்தில் பொத்தான் ஒன்று படுத்த வாக்கில் இருக்கும், வலது கட்டைவிரலால் அமுக்க வேண்டும். மார்லா சேர்ந்த ஏழைக் கோரிலும் யாரோ கழித்துக்கட்டிய அந்தப் பழைய பியூகிள்தான். அன்று தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்த மார்லா, கோரினின் கட்டைவிரலைப் பார்த்தபடி நின்றாள். கேனைக் கீழே வைத்தாள். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. கோரின் பாதி நாள் அவள் காரைத் தேடிக்கொண்டிருந்தாள், மீதி நாள் அது வந்துவிடக் கூடாது என்று பயந்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை பெற்றோர்கள் மடக்கு நாற்காலிகளோடு வந்து இறங்கினார்கள். பிராட்வர்ஸ்ட் இறைச்சி சுடுகிற புகை மைதானமெங்கும் பரவியது. பிரென்ட் பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தான்.

"மிஸ் டெம்ஸ்கி, என்னங்க இது. செயின்ட் ஹெட்விக்கா நீங்க? மார்லா சொன்னாங்க. கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இவ்வளவு நாள் ஏன் மறைச்சீங்க? நீங்க நம்மாளுங்க. ஹெட்மாஸ்டர்கிட்டப் பேசிட்டேன். மேடை உங்களுது, நான் உங்க கீழ வேலை பாக்குறேன்."

இரண்டு நாள் முன்பு வரை அவளைத் துரும்பாகப் பார்த்தவன். அவள் செய்கிற வேலையில் ஒரு மாற்றமும் இல்லை. எங்கே நடந்தாள் என்பதுதான் இவர்களுக்குக் கணக்கு. ஹால்வர்சனுக்கும் அதுதான் கணக்காக இருந்தது. கோரினுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது.

மார்லா மேஜையருகே நின்று தர்ப்பூசணி வெட்டிக்கொண்டிருந்தாள். கோரின் போய் நின்றாள்.

"ஏன் சொன்ன?"

"நெஜந்தானே. நேத்து முழுக்கப் பழைய கோர் ஆளுங்களை விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்." மார்லா நிமிரவில்லை. "கோர்ல நடந்தவள வெளிய தள்ளக் கூடாது. எங்களை அப்படித்தான் வளர்த்தாங்க. உங்க கோர்ல சொல்லித்தரலையா?"

கோரின் மேஜையில் சிதறிய விதைகளை ஒதுக்கினாள்.

"ஹால்வர்சனை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன், தெரியுமா. உதடு கெட்டுரும்னு அந்தாளு நெஜமாவே நம்பினாரு. பாவம், அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." இன்னொரு துண்டை வெட்டித் தட்டில் வைத்தாள். "நீங்க அஞ்சு வருஷம் ஊதின வாயால அதை என்கிட்டச் சொன்னீங்க."

"மன்னிச்சுரு மார்லா."

"இன்னைக்கு வேணாம். பிள்ளைங்க வெயில்ல நிக்குறாங்க. போங்க."

கோரின் போனாள். படி ஏற முழங்கால் வலித்தது. மேலே நின்று பார்த்தபோது தொண்ணூற்றாறு முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அதில் டிரம்பெட் வரிசையில் மார்லாவின் மகளும் இருந்தாள். மைதானம் கோரினுக்கே கிடைத்துவிட்டது. அங்கே நிற்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. கையைத் தூக்கினாள், பிள்ளைகள் வாசிக்க ஆரம்பித்தார்கள்.