எங்களை முந்திய சக்கரம்

பொள்ளாச்சியில் இருந்தபோது எங்களிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. அதில் மெக்கானிக் கை வைப்பதே எனக்குப் பிடிக்காது. கோவை உக்கடத்தில் வாங்கி வந்த பிரேக் ஷூவை ஒரு நாள் காலையில் பின்சக்கரத்தில் நானே மாட்டினேன். சக்கரத்தின் நட்டுகளை விரலால் திருகி வைத்தேன். ஜாக்கியை இறக்கிய பிறகுதான் அவற்றை ஸ்பேனரால் இறுக்க வேண்டும்.

இறக்கியதும் என் மனைவி எலுமிச்சம்பழங்களோடு வந்துவிட்டாள்.

"ராகு காலம் வரப்போகுதுங்க, சீக்கிரம் வண்டிய எடுங்க."

கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்தாள். அவற்றை நசுக்கிக்கொண்டு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் புறப்பட்டோம்.

சாலையெங்கும் தென்னை நிழல். பனி விலகவில்லை. வண்டி லேசாக ஆடியது. தொட்டிலில் கிடப்பதுபோல் அதுவும் சுகமாகத்தான் இருந்தது.

"ஏனுங்க, அங்க பாருங்க! யாரோட சக்கரமோ தனியாப் போகுதுங்க."

இடப்பக்கமாக ஒரு சக்கரம் அவசரமே இல்லாமல் உருண்டு, எங்களை முந்திப் பனிக்குள் போனது. நானும் ரசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த நொடி வண்டியின் பின்புறம் தரையில் உட்கார்ந்து, கரகரவென்று இழுபட்டுச் சாலையின் நடுவே நின்றது. எதிரே வந்த பேருந்து எங்களை உரசாத குறையாக ஒதுங்கிப் போனது.

எலுமிச்சைத் தோல் ஒட்டிய சக்கரம் ஒரு தென்னையில் சாய்ந்து நின்றது.

இப்போதும் ரிப்பேர் நான்தான் செய்கிறேன். ஆனால் எல்லா நட்டுகளையும் அவள் கண்ணெதிரே இறுக்கிக் காட்டும்வரை, எலுமிச்சம்பழம் அவள் கையை விட்டு இறங்காது.