முக்காட்டுக்குள் சோப்பும் சூப்பும்

வாயால் செய்கிற தொழிலுக்கு, வாய் திறக்க வெட்கப்படுகிற ஒருத்தியைப் பிடித்து வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த ஒருத்தி நான்தான். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. இரண்டு வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். திரும்பி வந்த அன்று மூன்று வயது மகள் என்னைப் பார்த்து, "இது ஆரு?" என்று மாமியிடம் கேட்டாள். இனிப் போவதில்லை என்று அப்போதே முடிவு எடுத்தேன்.

கல்முனையில் பொண்டுகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஹாஜியார் ஒருவர், போகிறவர்களுக்கு ஆங்கிலச் சொல் படிப்பிக்க என்னைக் கூப்பிட்டார். நூல் கிடைக்காமல், என்னைக் கட்டின மாப்பிள்ளையின் தறி சும்மா கிடந்த காலம். "இந்த வேலை நிண்டா நீ திரும்பப் பிளேன் ஏறத்தான் வேணும்" என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு உழைக்கப் போகிற சகோதரிகளே, என் நிலைமை உங்களுக்கு விளங்கும்.

சவுக்காரமும் ஆணமும்

பன்னிரண்டு பேர் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டுத் தொடங்கினால் பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் வகுப்பு. சோப், சூப். வாஷ், வாட்ச். சீட், ஷீட். கிச்சின், சிக்கின். கேட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். குவைத்தில் சூப் கேட்ட மெடத்துக்கு நான் சோப் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது. அப்படி இவர்களுக்கு நடக்கக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கைச்சாடை வைத்தேன். கையைத் தேய்த்தால் சோப், கோப்பையைச் சரித்தால் சூப்.

இறக்காமத்திலிருந்து வந்த ஆசியா உம்மாதான் எல்லாருக்கும் மூத்தவ. வயலை யானை மிதித்துவிட்டுப் போனபிறகு வெளிநாட்டுக்குப் பேர் கொடுத்தவ. யானை விரட்டிப் பழகிய குரல். அரை மணி நேரம் கையைத் தேய்த்தும் சரித்தும் பார்த்துவிட்டுச் சொன்னா: "இஞ்ச பாருங்ககா, சவுக்காரத்தச் சவுக்காரமெண்டும் சூப்ப ஆணமெண்டும் சொல்ற ஒரு அரபிய எனக்குத் தேடித் தாங்க, நான் நாளைக்கே போறன்."

திரைக்கு அந்தப் பக்கம்

ஹாஜியார் ஆள் பதிகிற கந்தோரும் எங்கள் வகுப்பும் ஒரே மண்டபத்தில். நடுவில் ஒரு சீலைத் திரை. அந்தப் பக்கம் ஆம்பிளைகள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். அன்னிய ஆம்பிளைக்குக் கேட்கும்படி குரல் எடுத்துப் பழகியவள் இல்லை நான். முக்காட்டுத் தொங்கலை இழுத்து வாயில் பிடித்துக்கொண்டுதான் படிப்பித்தேன். என்னைப் பார்த்துப் பன்னிரண்டு பேரும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். வாய் முணுமுணுக்கும், கை பேசும்.

ஒரு மாதத்தில் ஒருவருக்கும் ஒரு கைச்சாடையும் பிழை போகவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஒருநாள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஹாஜியார் கேட்டார்: "உள்ளுக்குப் படிப்பு நடக்குதா புள்ள, இல்ல இது மையித்து கிடத்தின வீடா?"

கொழும்பு மாத்தயா

வகுப்பைச் சோதிக்கிறதுக்குக் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள அதிகாரி, எங்களுக்கு மாத்தயா, வந்தார். திரையைச் சுருட்டிவிட்டார்கள். அவர் சவுக்காரக் கட்டியைத் தூக்கிக் காட்டினார். முதலாவது பெண் முக்காட்டை வாயில் பிடித்தபடி கையைத் தேய்த்தாள். "சொல்லுங்க, சொல்லுங்க" என்றார். அவள் இன்னும் பலமாகத் தேய்த்தாள்.

ஆசியா உம்மாவையாவது நம்பியிருந்தேன். அவட மாமனார் துணைக்கு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். யானைக்குப் பயப்படாதவ, மாமனாருக்கு முன்னால் முணுமுணுக்கவும் இல்லை. பன்னிரண்டு பேரும் சோதனையில் பெயிலானார்கள். அடுத்த மாதமும் இப்படியென்றால் வகுப்பே வேண்டாம் என்று ஹாஜியாரிடம் சொல்லிவிட்டு எழும்பிய மாத்தயா, என்னைத் திரும்பிப் பார்த்துத் தன் தமிழில் கேட்டார்: "கை எல்லாம் நல்லா பேசுது. வாய் எங்கே?"

குசினியில் பள்ளிக்கூடம்

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து மகளுக்குப் புட்டு ஊட்டினேன். அந்தச் சொற்களைப் புலம்பிப் புலம்பி ஊட்டினேன். அவள் என் வாயையே பார்த்திருந்துவிட்டு, "சூப்" என்றாள். உதட்டை அடுப்பூதுகிற மாதிரிக் குவித்து, அச்சொட்டாகச் சொன்னாள். பிறகு கோழிமுட்டை மாதிரி வாயை உருட்டி, "சோப்." வீட்டில் எனக்கு முக்காடு இல்லையே. வித்தியாசமெல்லாம் உதட்டிலும் பல்லிலும் இருக்க, அதையே நான் ஒரு மாதமாக மூடி வைத்துப் படிப்பித்திருக்கிறேன்.

மறுநாள் ஹாஜியாரின் மனைவியிடம் கெஞ்சி வகுப்பை அவட குசினிக்கு மாற்றினேன். அங்கே ஆம்பிளைகள் வரமாட்டார்கள். முக்காட்டை இறக்கிவிட்டு ஒருவர் வாயை ஒருவர் பார்த்தோம். சூப்புக்கு அடுப்பூதுகிற வாய், ஷீட்டுக்குக் கோழி துரத்துகிற வாய். தேங்காய் துருவுகிற சத்தத்துக்கு மேலால் கத்தினோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற ஹாஜியாரின் மனைவி, அந்த ராத்தா, சொன்னா: "பன்னிரண்டு பேர் ஊதுறீங்க, என்ட அடுப்பு மட்டும் இன்னும் பத்தல்லையே!"

பதின்மூன்றாவது பெயர்

மாத்தயா இரண்டாம் முறை வந்தார். அதே மண்டபம், வாசலில் அதே மாமனார். பன்னிரண்டு கையும் பழையபடி முக்காட்டுக்குப் போயிற்று. யா அல்லாஹ், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மகள் "இது ஆரு?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. எழும்பி நின்றேன், முக்காட்டுத் தொங்கலை வாயிலிருந்து எடுத்தேன், அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் "சூப்!" என்று கத்தினேன். அது வாசல் வரைக்கும் கேட்டது. "சோப்!" என்று பின்னாலிருந்து யானை விரட்டுகிற குரல் வந்தது. மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பன்னிரண்டு வாயும் திறந்துகொண்டன.

எல்லாரும் தேறினார்கள். ஆசியா உம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. அவ அழுதது சந்தோசத்திலா, வீட்டில் விட்டுப்போகிற நாலு பிள்ளைகளை நினைத்தா என்று நான் கேட்கவில்லை. மாத்தயா பெயர்களை எழுதிக்கொண்டு போனார். பன்னிரண்டுக்குப் பிறகும் பேனை நிற்கவில்லை. இப்படிக் கதைக்கிற ஆளுக்குத்தான் அரபு நாட்டில் முதல் கிராக்கி என்றாராம். போனில் கேட்டதுக்கு மாப்பிள்ளையும் ஓம் என்றுவிட்டாராம். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னிடம் ஹாஜியார் சிரித்துக்கொண்டே கேட்டார்: "புள்ள, ஒங்கட பாஸ்போட்டுல இன்னும் நாளிருக்குதானே?"

மகளை விட்டுப் போகாமல் இருக்கத்தான் ஒரே ஒருதரம் வாயைத் திறந்தேன், அந்தத் திறந்த வாயைப் பார்த்தே என்னைப் பிளேனில் ஏற்றிவிட்டார்கள் என்பதுதான், சகோதரிகளே, நான் பார்த்த உத்தியோகம்.